நூற்றைம்பது டிகிரி பொய்

“உள்ளதைவிட நூத்தம்பது டிகிரி கூட்டிக் காட்டணும். முடியுமா?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த பழந்துணியைக் கீழே போட்டார்.

“மீட்டர் மாட்ட வர்றவங்க, சரியா காட்டுமான்னு கேப்பாங்க. தப்பா காட்டுமான்னு கேக்கிற முதல் ஆள் நீங்கதான் சார்.”

கேட்டவனுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

வண்டி அவன் அப்பாவுடையது. இருபத்திரண்டு வருஷத்து டீசல் கார். அப்பாவுக்கு எழுபத்தி நாலு. இரண்டுக்கும் வயசாகியும் வேகம் மட்டும் குறையவில்லை. போன மாதம் காம்பவுண்டு கேட்டில் ஓர் இடி. போன வாரம் திருப்பத்தில் ஒரு லாரி மயிரிழையில் தப்பியது. தப்பு லாரிக்காரன் மேல்தான் என்று அப்பா இன்றுவரை சாதிக்கிறார். தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அவர்தான்.

“சாவியை வாங்கி வெச்சுடுங்களேன்,” என்றாள் அவன் மனைவி.

“அம்மா போனப்புறம் அவருக்குன்னு இருக்கறது அந்த வண்டி ஒண்ணுதான். அதையும் பிடுங்கினா மனுஷன் உக்காந்துடுவார்.”

“அப்ப மெதுவா ஓட்டச் சொல்லுங்க.”

“சொன்னேனே. ‘நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் வாங்கினவன்டா நான்’ங்கறார்.”

“அதுக்காக? பெத்தவர்கிட்டயே பொய்யா?”

“பொய் நான் எங்க சொல்றேன்? மீட்டர்தானே சொல்லப்போகுது.”

அப்பா மில்லில் முப்பத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவர். மனுஷர் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மீட்டர் முள்ளின் பேச்சைத் தட்டியதாகவும் இல்லை. புகைக்குழாயின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘இந்த வண்டிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்’ என்று இத்தனை நாள் சிரித்த பிள்ளைக்கு, திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மீட்டர் மாட்டும்போது அப்பா பக்கத்திலேயே நின்றார்.

“குழாய் வண்டியில இருக்கும்போதே ஓட்டை போடாதேப்பா. இரும்புத்தூள் டர்போவுக்குள்ள போனா தொலைஞ்சது. கழட்டிட்டுப் போடு.”

மெக்கானிக் மறுபேச்சில்லாமல் கழற்றினார். ஓட்டை போட்டு, அதில் ஒரு நட்டை வெல்டு வைத்து, சென்சாரை முடுக்கி, வயரை டேஷ்போர்டு வரைக்கும் இழுத்தார். மீட்டரின் முதுகில் இருந்த சின்னத் திருகை மட்டும், அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத் திருப்பினார்.

“முள்ளு அறுநூறைத் தாண்டக் கூடாது பெரியவரே. தாண்டினா எஞ்சின் காலி.”

“எனக்கேவா சொல்றே?” என்றார் அப்பா. முகமெல்லாம் பல்.

அன்றோடு அவர் ஆளே மாறிப்போனார். பத்து நிமிஷத்தில் போன பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது சைக்கிளுக்குக்கூட வழி விட்டார்.

“தாத்தா, ஏன் எல்லாரும் நம்மளைத் தாண்டிப் போறாங்க?” என்று பேத்தி கேட்டாள்.

“அவங்க வண்டியில மீட்டர் இல்லம்மா. எஞ்சினோட கஷ்டம் அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. “என்ன சார், ஊர்வலம் மாதிரி போறீங்க?”

“நான் மிதிச்சா பறக்கும். வண்டி தாங்காது, அதான் பாக்கறேன்.”

மகன் மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

“பாம்பும் நோகாம, பாம்படிச்ச கோலும் நோகாம முடிச்சுட்டேன், பாத்தியா?”

“மாமாவைப் பாம்புன்னு சொன்னதைப் போய்ச் சொல்லட்டுமா?” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக் கழுவுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று மகன் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினான். எஞ்சின் இன்னும் ஓடவில்லை. முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து நின்ற வண்டி ஜில்லென்று கிடந்தது.

முள் இருநூறைத் தாண்டி நின்றது.

ஓடாத எஞ்சினில் ஏது இருநூறு டிகிரி? பாய்லரோடு காலம் தள்ளிய மனுஷர் தினமும் காலையில் இதே சாவியைத்தானே திருப்புகிறார்! இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மறுபடியும் பழைய வேகம். அதோடு, பெற்ற பிள்ளை மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு மெக்கானிக் வீட்டுக்கு ஓடினான்.

“வண்டி நிக்கும்போது சரியா காட்டணும், ஓடும்போது மட்டும் கூட்டிக் காட்டணும். ஏதாவது பண்ணுங்க. அப்பா கண்டுபிடிக்கறதுக்குள்ள…”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“மாட்டின மறுநாள் காலையிலேயே கண்டுபிடிச்சுட்டார் சார். பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு நேரா பட்டறைக்குத்தான் வந்தார்.”

“ஐயையோ! சத்தம் போட்டாரா?”

“இல்ல சார். எந்தத் திருகுன்னு கேட்டார். ‘பேத்தியை வெச்சுக்கிட்டு ஓட்டறப்ப எனக்கே பயமாத்தான்யா இருக்கு. பழகின காலு, தன்னால மிதிச்சுடுது. நூத்தம்பது போதாது, இன்னும் ஒரு ஐம்பது ஏத்திடு’ன்னார்.”

மகன் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

“போகும்போது இன்னொண்ணும் சொன்னார் சார். ‘பையன்கிட்ட மூச்சு விடாதே. அப்பனை ஏமாத்திட்ட நிம்மதியில நேத்துதான் குறட்டை விட்டுத் தூங்கினான்’னார்.”