டப்பாக் காய்

"ஏட்டி வடிவு, எந்தம்பிக்கு டப்பாக் காயைப் போட்டுட்டு நீ மட்டும் மாதுளம்பழம் திங்கியோ?"

அம்பர்நாத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்த பேராச்சி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சும் வாழைப்பழமும்.

சண்முகவடிவின் வாயில் மாதுளை முத்துகள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒளித்துத் தின்ன இடம் ஏது?

"வாங்க மைனி" என்றாள், பேரீச்சையும் முட்டையும் இருந்த தட்டைப் பின்னால் நகர்த்திக்கொண்டே.

கட்டிலில் சுயம்பு கண்ணை மூடிப் படுத்திருந்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில்தான் போய்வந்த களைப்பு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெளிறிப்போன பீன்ஸ். கீழே காலி டின்.

பேராச்சி டின்னை எடுத்து முகர்ந்தாள்.

"எப்ப அடைச்சதோ! இதுல என்னட்டி சத்து இருக்கும்?"

"சத்து கம்மின்னுதான் மைனி வாங்குதேன்."

"என்னது?"

"அவுகளுக்குப் பொட்டாசியம் ஏறப்பிடாது. ஏறினா நெஞ்சு நின்னுரும்னு டாக்டர் சொன்னாவ. ஆரஞ்சு, வாழைப்பழத்துல அது நெறைய. பச்சக் காயா இருந்தா நறுக்கி, தண்ணி மாத்தி மாத்தி ஊறவைக்கணுமாம். நமக்குப் பைப்புல தண்ணி வாரதே ஒரு மணி நேரம். இது உப்பு போடாத டப்பா. தண்ணிய வடிச்சுக் கழுவிப் போட்டா இன்னும் கொறையுமாம்."

சுவரில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரித் தாளைக் காட்டினாள். டின் காய்கள் ஒரு பக்கம், பழங்கள் ஒரு பக்கம், எதிரே எண்கள். பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஒரு வேளை கணக்குத் தவறிவிட்டால்?

பேராச்சியின் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவள் வாய் ஃபாஸ்ட் லோக்கல் ரயில். சின்ன ஸ்டேஷனில் எல்லாம் நிற்காது.

"சரி, அவன் திங்கப்பிடாது. நீ எதுக்குட்டி அவன் முன்னாலயே வச்சுத் திங்கே? மாதுளை, பேரீச்சை, முட்டை வேற! புருசன் இப்படிக் கெடக்கையில ஒனக்குத் தொண்டையில எறங்குதா?"

இறங்கவில்லைதான். ஆனாலும் வடிவு வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"நாளைக்குக் காலையில ரத்த டெஸ்ட்டு மைனி. அது நல்லபடியா வரணும்."

"டெஸ்ட்டு அவனுக்கு, தீனி ஒனக்கா?" பேராச்சி பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "இதையும் ஒனக்கு வச்சுட்டுப் போவ நான் என்ன கிறுக்கியா? எம்பிள்ளையளாவது தின்னட்டும்."

வடிவு காரணத்தைச் சொல்லாமல் தட்டை மூடி வைத்தாள். சொன்னால் செய்தி ஊருக்குப் போகும். வடிவின் அம்மா அழுதுகொண்டே ரயிலேறி வந்து நிற்பாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. சுயம்பு கண் விழித்திருந்தான்.

"பைய வச்சுட்டுப் போக்கா. டெஸ்ட்டு எனக்கில்ல, அவளுக்கு. அவ ஒடம்புல ரத்தம் ஏறினாத்தான், அவ கிட்னியில ஒண்ண எடுத்து எனக்கு வைப்பாவளாம்."