தாமஸ், லண்டன்

கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் பொரிகடலைகூட இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

எண்பத்தொன்பதாம் வருடம், ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த நாள். ஜவ்வாது மலைமேல் இருந்த சாமை ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ராஜவேலு, பிளாப்பியைச் செருகுவதும் உருவுவதுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெங்களூரிலிருந்து டைரக்டர் ரங்கசாமி வருகிறார். மிஷின் ஓடவில்லை என்றால் அதை மலையிறக்கிவிட்டு, ராஜவேலுவை ஸ்டோரில் சாக்கு எண்ண உட்கார்த்திவிடுவார்.

“பொதுக் குழுவுல கேட்டுப் பாக்கலாமே சார்,” என்றாள் உதவியாளர் வசந்தி.

டெலிபோன் கம்பி வழியே கம்ப்யூட்டர்காரர்கள் கலந்துபேச அப்போது இரண்டு வழிகள் இருந்தன. பொதுக் குழுவில் உலகத்தில் யாரும் கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம். மூடிய குழுவிலோ உறுப்பினருக்கு மட்டும்தான் கடிதம் போகும். அப்படி ஒன்றை ராஜவேலுவே நடத்திவந்தார். பட்டம், பதவி எல்லாம் விசாரித்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான் ஆள் சேர்ப்பார்.

“அது ஒடுகத்தூர் சந்தைம்மா. கண்டவனும் வாயத் தொறப்பான். மரியாதப்பட்டவன் போற எடமா அது?”

“அப்ப நம்ம குழுவுலயே கேளுங்க. இன்னா சார் தயக்கம்?”

தயக்கம் இருந்தது. அங்கே எல்லோரும் தெரிந்தவர்கள். மிஷின் படுத்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

வசந்தியை டீ குடிக்க அனுப்பிவிட்டு ராஜவேலு நைசாக அந்தப் பொதுக் குழுச் சந்தைக்குள் நுழைந்தார். செய்தி அனுப்பும் சின்ன மிஷின் அடுத்த அறையில் சுகமாக இருந்தது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

பெயரையும் ஊரையும் மாற்றிப் போடும் வித்தை அவருக்கு அத்துப்படி. ‘பிளாப்பியைப் படிக்க மறுக்கிறது. செருகும் வாயில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?’ என்று இங்கிலீஷில் கேட்டு, கீழே ‘தாமஸ், லண்டன்’ என்று போட்டார்.

காலையில் பதில் வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ‘சந்தனத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கவும். வேறு பிளாப்பி போடவும்.’

ராஜவேலு ஓடிப்போய்த் துடைத்தார். மிஷின் கண் விழித்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தியா? நம்ம குழுவுல இருக்கறவங்க லேசுப்பட்டவங்க இல்ல,” என்று வசந்தியிடம் கூசாமல் சொன்னார்.

மதியம் டைரக்டர் வந்தார், மிஷினை ஓட்டிப் பார்த்தார், திருப்தி என்றார். அந்தக் குஷியில் ராஜவேலு, பொதுக் குழுக்களின் தரம் எப்படிக் கெட்டுக் கிடக்கிறது என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். மானமுள்ளவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான் என்று முடித்தார்.

டைரக்டர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மிஷினின் கழுத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைக் கிள்ளி முகர்ந்தபடி விசாரித்தார்.

“லண்டன்ல ஆயுத பூஜை நல்லா நடந்துதா, தாமஸ்?”