நான்கு நிமிடப் பார்வை

கடிகாரக் கடைக்காரர் மாதம் தவறாமல் வெப்சைட்காரனிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, அந்தச் சின்னத் தேடுபொறி வழியா நம்ம வெப்சைட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"அதுல யார் சார் தேடுறாங்க? ஊரே பெரியதுலதான் தேடுது."

"தேடினா நம்ம கடை வரணும். அதுல பதிஞ்சிட்டீங்கல்ல?"

"அப்பவே பதிஞ்சாச்சு சார்."

பதியவில்லை. ஆள் வராத இடத்துக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று வெப்சைட்காரன் விட்டுவிட்டான்.

எட்டாவது மாதம் நச்சரிப்பு தாங்காமல், மாத அறிக்கையில் அந்தத் தேடுபொறி வழியாக வந்தவர்கள் என்ற இடத்தில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டான். நம்ப வேண்டுமே என்று, வந்தவர் 'எங்களைப் பற்றி' பக்கத்தை நான்கு நிமிடம் பார்த்ததாகவும் சேர்த்தான்.

கடைக்காரர் அந்த வரியை விரலால் தடவினார். "என் போட்டோ இருக்கிற பக்கமா?"

"ஆமா சார். இப்ப திருப்திதானே?"

அடுத்த மாதம் அவர் போனில் கூப்பிட்டார்.

"வெப்சைட்டை மூடிடுங்க தம்பி."

"ஏன் சார்? வியாபாரம் நல்லாத்தானே போகுது?"

"வியாபாரத்துக்கா ஆரம்பிச்சேன்? என் பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு. அப்புறம்தான் இந்த ஊருக்கே வந்தேன். அவ அந்தத் தேடுபொறியைத் தவிர வேற எதையும் தொடமாட்டா. தேடினா அப்பன் கிடைக்கட்டும்னுதான்…"

"சார், அது அவங்களா இருக்காது…"

"நீங்கதானே சொன்னீங்க, அதுல வேற யாரும் தேடமாட்டாங்கன்னு? அவதான். நாலு நிமிஷம் என் முகத்தைப் பார்த்திருக்கா. கீழே நம்பர் இருந்தும் கூப்பிடல."

வெப்சைட்காரன் அந்த அறிக்கையைத் திறந்து, தான் போட்ட ஒன்றைப் பார்த்தான்.

"விடுங்க தம்பி. நீங்க உங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.