நீலச் சட்டைக்குள் மகள்

மழை இன்னும் விடவில்லை. ஆட்டம் முடிந்து கலைகிற கூட்டத்தில் கைநழுவிப்போன மகளைத் தேடி, தன் அணியின் சிவப்புச் சட்டை போட்ட ரசிகரான எலக்ட்ரீஷியன் மைதான வாசலுக்கு ஓடி வருகிறார். அங்கே கூரை விளக்குக்கடியில் அவள் நிற்கிறாள். எதிரணியின் நீலச் சட்டை அவளுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. பக்கத்தில், தொப்பை தெரிய வெற்றுடம்போடு முன்பின் தெரியாத ஒருவர். "பிள்ளை வெடவெடன்னு நடுங்கிட்டிருந்தா. கழட்டிப் போட்டுவிட்டேன். கோச்சுக்காதீங்க." எலக்ட்ரீஷியன் மகளை வாரி எடுத்து அந்த நீலத்திலேயே முகம் புதைக்கிறார். அவள் முதுகைத் தடவும் விரல்களில் எழுத்துகள் தட்டுப்படுகின்றன: போன மாதம் சிவப்பை விட்டு நீலத்துக்குத் தாவிய ஆட்டக்காரனின் பெயர். அவனை 'துரோகி, துரோகி' என்று கத்தியே இன்று இவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்த மைத்துனன் பதறுகிறான். "ஐயய்யோ மாமா, முதல்ல அதைக் கழட்டுங்க!" "வாயை மூடுடா. பிள்ளைக்குக் குளிருது." கரகரத்த குரலில் சொல்லிவிட்டுச் சட்டையின் கழுத்தை இழுத்து மூடிவிடுகிறார். மகள் அவர் காதோரம் கேட்கிறாள்: "அப்போ அந்தத் துரோகி அண்ணனுக்கும் குளிர்ந்திருக்கும், இல்லப்பா?"