நனைந்த பஞ்சு

கருஞ்சேவல் போட்டியில் உடம்பில் ஒரு வெள்ளை இறகுகூட இருக்கக் கூடாது. சேவல்காரர் தன் சேவலை நடுவரிடம் நீட்டினார். இறக்கைக்கு அடியில் முளைத்திருந்த இரண்டு வெள்ளை இறகுகளுக்குக் காலையில்தான் தலைமுடி டையை அடித்திருந்தார்.

நடுவர் இறக்கையை விரித்து, நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சு கறுத்தது.

"அது... புழுதிங்க ஐயா." என்றார் சேவல்காரர். மாட்டினால் ஆயுளுக்கும் போட்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"இதோட அப்பன் சேவலை யாருகிட்ட வாங்கின?"

"உங்ககிட்டதாங்க. போன வருஷம் பரிசு வாங்கிச்சே, அதேதான்."

நடுவரின் முகம் வெளிறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பஞ்சைச் சட்டைப்பையில் திணித்தார்.

"இதுக்குத்தான் முதல் பரிசு!" என்று உரக்க அறிவித்தார்.

பிறகு காதோரம் குனிந்தார்.

"தண்ணி பட்டா விடுற டையையா அடிப்பாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"