கூடப் படிப்பவள்

நூற்றுப் பதினேழு நாட்களில் அவள் ஓர் இணைய வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. நாற்பது பேர் படிக்கும் வகுப்பு. யாரும் கேமராவைப் போடமாட்டார்கள். படிப்பை விட்டுவிடலாம் என்று அவள் நினைக்கும்போதெல்லாம் வகுப்புத் தோழியிடமிருந்து செய்தி வரும்: "சோம்பேறி, நீ இல்லாம எனக்கு ஓடாது. வா."

தேர்வு முடிந்ததும் தோழியின் முகவரி கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"நேர்ல பாத்து நன்றி சொல்லணும் சார். அவளாலதான் படிச்சு முடிச்சேன்."

எழுத்தர் பதிவேட்டைப் பார்த்தார். "அவங்க முதல் மாசமே நின்னுட்டாங்களேம்மா."

"நேத்துகூட மெசேஜ் போட்டாளே?"

அவள் எதிரே திறந்திருந்த கணினியில் தோழியின் செய்தி வந்து விழுந்தது: "ஆபீஸ்ல எதுக்குடி விசாரிக்கிற? அடுத்த செமஸ்டர் பாடம் வந்தாச்சு, வா."

அவள் அதை எழுத்தருக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினாள்.

"அது எங்க கம்ப்யூட்டர்மா," என்றார் எழுத்தர். "நின்னவங்க எல்லார் பேர்லயும் அதுதான் எழுதுது. நாப்பது பேர்ல மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."