நாலாவது போன்

"மூணு பேர் சம்மதம் சொல்லியாச்சு அண்ணே. நாலாவது ஆள் மட்டும் வாயே திறக்கல. கெடு முடிய இன்னும் ஆறு நிமிஷம்தான்!" ஆபீஸிலிருந்து கூட வேலை செய்பவன் போனில் அலறினான்.

ப்ரோக்ராமர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தார். சம்மதம் கேட்கும் அந்த ப்ரோக்ராம் அவர் எழுதியதுதான். நாலு ஊரில் நாலு நோயாளிகள். சொந்த வீட்டு ஆளின் கிட்னி பொருந்தாததால், ஒரு குடும்பத்து ஆள் இன்னொரு குடும்பத்து நோயாளிக்குத் தருவதாக ஏற்பாடு. நடுவில் சர்வர் கிடையாது; கொடுப்பவர்களின் நாலு போன்களும் நேராகவே பேசிக்கொள்ளும். நாலு பேரும் சம்மதித்தால் நாலு ஆபரேஷன். ஒருவர் பேசாமல் இருந்தாலும் எல்லாமே ரத்து. அந்த ஒருவர் யார் என்று மட்டும் ப்ரோக்ராம் காட்டாது.

"லைன்ல கோளாறா பாரு."

"பார்த்துட்டேன். கேள்வி எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. நாமளே 'சம்மதம்'னு போட்டுடலாமா?"

"முடியாது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்ல முடியாதபடிதான் எழுதியிருக்கேன்."

"எவன் அண்ணே அந்தப் பாவி?"

"அவனுக்கும் பயமா இருக்கும்ல?"

"பயந்தா 'மாட்டேன்'னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? வேற ஆளையாவது தேடலாம்!"

அவர் பேச்சை வெட்டிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். கிட்னிக்காகக் காத்திருந்த மனைவி ஆபரேஷன் உடையில் படுத்திருந்தாள்.

"ஏங்க இவ்வளவு நேரம்?"

"நெட்வொர்க் தகராறு."

"லைன் போனாலும், உங்க ப்ரோக்ராம் பதில் வர்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும்னு பீத்திக்கிட்டீங்களே!" என்று வறண்ட உதட்டோடு சிரித்தாள்.

அவர் சட்டைப்பையில் போன் பதினேழாவது தடவையாக அதிர்ந்தது.

'உங்கள் கிட்னியைக் கொடுக்கச் சம்மதமா?'